ஏழு வயதுப் பிள்ளைக்குக் கணக்குச் சோதனை பொருந்துமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புலனத்தில் ஒரு படம் வந்தது. முதலாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையின் கணிதத் தாள். பள்ளியில் வைத்த சோதனை அல்ல. தாமானில் நடக்கும் டியூஷன் வகுப்பில் வைத்தது. 30 கேள்விகள், 40 நிமிடம். மேலே சிவப்பு மையில் 30க்கு 13 என்று போட்டு வட்டமிட்டிருந்தார்கள். படத்தோடு தாயாரின் குரல் பதிவும் வந்தது. "டீச்சர், இவளுக்குக் கணக்கு வராதா? இப்பவே இப்படின்னா நாலாம் ஆண்டுல என்ன செய்யப் போறா?"

கீழ்நிலை வகுப்புகளில் பல ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்படிப்பட்ட கேள்விகள் எனக்குப் புதிதல்ல. "பிள்ளையையும் தாளையும் கூட்டிட்டு வாம்மா" என்றேன். மாலையில் வந்தார்கள். சமையலறை மேசையில் உட்கார்ந்து, தவறாகப் போன 17 கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மதிப்பெண்ணை மறந்துவிட்டுத் தவறுகளை மட்டும் வகை பிரித்தேன். 6 தவறுகள் பிரச்சனைக் கணக்குகளில். 4 கேள்விகள் கடைசிப் பக்கத்தில் தொடாமலே கிடந்தன. 3 இடங்களில் எண் திரும்பியிருந்தது. மீதி 4 மட்டுமே உண்மையிலேயே அவளுக்குத் தெரியாதவை.

சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதச் சோதனை வைக்கலாமா, கூடாதா என்று பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி வாதம் நடக்கிறது. இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டே அதைப் பேசிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். மலேசியாவில் முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குத் தேர்வுகள் 2019 முதல் இல்லை. அப்போதைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக் 2018 அக்டோபரில் அதை அறிவித்தார். அதற்குப் பதில் பி.பி.டி. எனப்படும் வகுப்பறை மதிப்பீடு இருக்கிறது. ஆசிரியர் பாடம் நடத்தும்போதே பிள்ளையைக் கவனித்து 1 முதல் 6 வரை ஓர் அடைவு நிலை தருவார். நாலாம் ஆண்டு முதல்தான் ஆண்டிறுதியில் ஊவாசா என்ற எழுத்துத் தேர்வு வருகிறது. யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் போய்விட்டது. சிங்கப்பூரிலும் 2019 முதல் தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு மதிப்பெண் கணக்கில் சேரும் சோதனை கிடையாது. வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதையும் அறிக்கைப் புத்தகத்தில் போடுவதில்லை.

தேர்வு போய்விட்டது. ஆனால் "என் பிள்ளை எங்கே நிற்கிறான்?" என்ற பெற்றோரின் கேள்வி போகவில்லை. அடைவு நிலை 3 என்றால் என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. அந்த வெற்றிடத்தில்தான் டியூஷன் சோதனைகளும் புத்தகக்கடைப் பயிற்சி நூல்களும் வந்து உட்கார்ந்தன. பள்ளி கைவிட்ட தாளை நாமே காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டோம்.

இனி அந்த 17 தவறுகள்.

எஞ்சியவை எத்தனை?

பிரச்சனைக் கணக்கு ஒன்று இப்படி இருந்தது: மாலாவிடம் 12 மாம்பழங்கள் இருந்தன. அவற்றுள் 5 மாம்பழங்களைத் தன் தோழிக்குக் கொடுத்தாள். எஞ்சியவை எத்தனை?

பிள்ளை 17 என்று எழுதியிருந்தாள். நான் 12 சின்ன வெங்காயத்தை எடுத்து அவள் முன் வைத்தேன். "இதுல அஞ்சு எனக்குக் குடு. உன்கிட்ட மிச்சம் எத்தனை?" கொடுத்தாள், பார்த்தாள், "ஏழு" என்றாள். "சரி, எஞ்சியவைன்னா என்னம்மா?" என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள்.

வீட்டில் நாம் "மிச்சம்" என்கிறோம், "மீதி" என்கிறோம். "எஞ்சியவை" என்று எந்தத் தாயும் சோற்றுப் பானையைப் பார்த்துச் சொல்வதில்லை. "அவற்றுள்" என்ற சொல்லும் அப்படித்தான். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம் நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் சுமை. பள்ளியில் கால் வைத்துச் சில மாதங்களே ஆன பிள்ளை, எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. கடைசியில் இரண்டு எண்கள் மட்டுமே கண்ணில் நிற்கின்றன. தெரிந்ததைச் செய்கிறது, கூட்டிவிடுகிறது. அந்தக் கேள்வி அளந்தது அவள் வாசிப்பை.

அதற்காக "எஞ்சியவை" வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சொல்லைக் கற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் அதைத் தமிழ்ப் பாடத்தின் கணக்கில் எழுத வேண்டும்; "இவளுக்குக் கழித்தல் தெரியாது" என்று எழுதக்கூடாது.

பிரிட்டனில் மார்ட்டின் ஹியூஸ் என்ற ஆய்வாளர் பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளிடம் ஒன்றைச் செய்து பார்த்தார். ஒரு பெட்டிக்குள் கட்டைகளைப் போட்டு, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் சிலவற்றைப் போட்டு மூடி, உள்ளே எத்தனை என்று கேட்டார். பலர் சரியாகச் சொன்னார்கள். அதே பிள்ளைகளிடம் பொருள் எதுவும் இல்லாமல் "இரண்டும் ஒன்றும் எத்தனை?" என்று கேட்டால் விழித்தார்கள். 1986-இல் அவர் எழுதிய நூலில் இது விரிவாக இருக்கிறது. கணிதம் பிள்ளையிடம் முதலில் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. பிறகு வாய்க்கு வருகிறது. தாளுக்கு வருவது கடைசியில். ஏழு வயதில் பலர் இந்தப் பாதையின் நடுவில் நிற்பார்கள். தாளை மட்டும் வைத்துச் சோதித்தால், இன்னும் வந்து சேராததைத் தேடிப் பார்த்து "இல்லை" என்று எழுதுகிறோம்.

லீமா பெலாஸ்

எண் திரும்பியிருந்த இடங்களுக்கு வருவோம். ஒன்றில் 3 கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தது. ஆறேழு வயதில் இது சாதாரணம். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகச் சரியாகிவிடும். மற்ற இரண்டு இடங்களில் பதினைந்து 51 ஆகவும், பதினேழு 71 ஆகவும் இருந்தன. "பதினைந்து எழுதும்மா" என்று மறுபடி சொன்னேன். அவள் வாய்க்குள் "லீமா பெலாஸ்" என்று முணுமுணுத்துக்கொண்டே முதலில் 5 எழுதினாள்.

இரண்டு ஆண்டுகள் மலாய்மொழித் தாபிகாவுக்குப் போன பிள்ளை. மலாயில் லீமா முதலில் வருகிறது. ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன் என்றாலும் ஐந்தின் ஒலிதான் முதலில். தமிழில் மட்டும் பதினைந்து, அதாவது பத்து முதலில், ஐந்து பிறகு. எழுதும் வரிசையும் அதுவே. மூன்று மொழி கேட்டு வளரும் மலேசியத் தமிழ்ப் பிள்ளை எந்த மொழியில் நினைக்கிறதோ அந்த மொழியின் வரிசையில் எழுதிவிடுகிறது. அது அறியாமை இல்லை. எந்த ஒலி எந்த இலக்கம் என்ற அளவில் அவள் சரியாகவே இருக்கிறாள்.

தமிழிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. எண்பத்தொன்பது வரை ஒழுங்காக வந்த பிள்ளை அடுத்து "எண்பத்துப்பத்து" என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இருபது, முப்பது, நாற்பது எல்லாம் பத்தில் முடிய, தொண்ணூறு மட்டும் நூறில் முடிகிறது. காதில் நூறு விழுவதால் 90க்கும் 100க்கும் குழம்புவார்கள். பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு பெயர் இருந்தது. தொண்ணூற்றில் அதன் வாசம் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது, எனக்குத்தான் மகிழ்ச்சி. சீன மொழியில் பதினொன்று என்பது பத்து-ஒன்று, இருபது என்பது இரண்டு-பத்து. பத்தைத் தாண்டி எண்ணுவதைச் சீனப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிட விரைவாகக் கற்பதற்கு இந்த ஒழுங்கு ஒரு காரணம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பக்கத்துச் சீனப்பள்ளிப் பிள்ளையோடு நம் பிள்ளையை ஒப்பிடுகிறவர்கள் இதையும் நினைவில் வைத்தால் நல்லது.

கடிகாரமும் கண்டிப்பும்

கடைசிப் பக்கத்தின் 4 கேள்விகளை அவள் தொடவே இல்லை. என் மேசையில் அவற்றில் மூன்றைச் செய்துவிட்டாள். விரல் விட்டு எண்ணினாள், நேரம் எடுத்தாள், செய்தாள். விரல் விடுவதைப் பார்த்துத் தாயார் கையைத் தட்டப் போனார், நான் தடுத்தேன். ஏழு வயதில் விரல் ஒரு கருவி. அதைப் பிடுங்கினால் பிள்ளை மேசைக்கு அடியில் வைத்து எண்ணப் பழகிக்கொள்ளும், அவ்வளவுதான்.

நேரம் வைத்துச் செய்யும் சோதனையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கணிதப் பயத்தை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அந்த வயதிலேயே பயம் இருந்தது. பயத்தால் கணிதம் கெட்டுப்போனது யாருக்குத் தெரியுமா? மனத்தில் பலவற்றை ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றல் அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு. மனக்கணக்கில் நன்றாக வரக்கூடிய பிள்ளைகள் அவர்கள். அவர்கள் நம்பியிருப்பது அந்த ஆற்றலை. பயம் வந்து முதலில் பிடித்துக்கொள்ளும் இடமும் அதுதான்.

பெற்றோர் பக்கமும் ஒன்று உண்டு. 2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கணிதத்தைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றார்கள், பயமும் கூடியது. அதே பயமுள்ள பெற்றோர் அதிகம் தலையிடாத வீடுகளில் அப்படி நடக்கவில்லை. "எனக்கும் கணக்கு வராது, உனக்கும் அப்பிடித்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் நம் வீட்டுப் பேச்சை நினைத்துப் பார்த்தேன்.

மேசையில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெங்காயத்தைப் பார்த்து "ஏழு" என்று சொன்னாளே, அப்போது நான் வேண்டுமென்றே "நிச்சயமா?" என்றேன். உடனே "எட்டு" என்று மாற்றிவிட்டாள். எண்ணிப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து மாற்றினாள். சிறு பிள்ளைகள் கேள்விக்குப் பதில் சொல்வதோடு, கேட்கிறவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்வார்கள். 1970களில் ஸ்காட்லாந்தில் மெக்காரிகல், டொனால்ட்சன் என்ற இருவர் இதை அழகாகக் காட்டினார்கள். இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகளை வைத்து, "இரண்டும் சமமா?" என்று கேட்டார்கள். பிள்ளைகள் ஆம் என்றார்கள். பிறகு பெரியவர் ஒரு வரிசையை மாற்றி அடுக்கிவிட்டு அதே கேள்வியைக் கேட்டதும் பெரும்பாலோர் இல்லை என்றார்கள். ஆனால் ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து வரிசையைக் கலைத்துவிட்டதுபோல் செய்து கேட்டபோது, பெரும்பாலோர் சமம்தான் என்றார்கள். பெரியவர் மாற்றினால் ஏதோ காரணம் இருக்க வேண்டும், இரண்டாவது முறை கேட்டால் முதல் பதில் தவறாக இருக்க வேண்டும் என்பது பிள்ளையின் நியாயம்.

வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். 40 வயதில் 11 மாத வித்தியாசம் ஒன்றுமில்லை. 7 வயதில் அது வாழ்நாளில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அந்த இருவரையும் முதல் இடம், கடைசி இடம் என்று வரிசைப்படுத்தினால் பல நேரம் பிறந்தநாளைத்தான் வரிசைப்படுத்துகிறோம்.

அப்படியானால் சோதனையே வேண்டாமா?

இங்கேதான் நான் தேர்வு எதிர்ப்பாளர்களோடு முழுதாகச் சேர்ந்து நடக்க முடியவில்லை. அந்த மீதி 4 தவறுகள் என்னை விடவில்லை.

நான்குமே பத்து, ஒன்று பற்றியவை. 34-இல் உள்ள 3-இன் மதிப்பு என்ன என்று கேட்டால் "மூணு" என்றாள். 34க்குப் பத்து கூட்டச் சொன்னேன். 35, 36, 37 என்று ஒவ்வொன்றாக ஏறி, நடுவில் ஒன்றைத் தவறவிட்டு 43-இல் வந்து நின்றாள். பத்து என்பது ஒரு கட்டு என்ற எண்ணமே அவளிடம் இன்னும் விழவில்லை. முதலாம் ஆண்டில் 100 வரைதான் எண்கள். ஒவ்வொன்றாக எண்ணியே ஒப்பேற்றிவிடலாம். இரண்டாம் ஆண்டில் 1,000. மூன்றாம் ஆண்டில் 10,000. அங்கே விரலும் போதாது, ஒவ்வொன்றாக எண்ணவும் முடியாது. இப்போது பிடிக்காவிட்டால் நாலாம் ஆண்டில் ஊவாசா வரும்போதுதான் எல்லாருக்கும் தெரியும்.

பள்ளிக்கு வரும்போது பிள்ளையிடம் இருக்கும் கணித அறிவு, பின்னாளில் அது எப்படிப் படிக்கும் என்பதை வலுவாகக் காட்டுகிறது என்று அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் பிள்ளைகளை வைத்து 2007-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சொன்னது. எனவே ஆரம்பத்தில் கவனிக்காமல் விடுவது இரக்கம் ஆகாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பிரச்சினையில்லை, யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். விடியற்காலையில் தோட்ட வேலைக்கும் ஆலை வேலைக்கும் கிளம்பிப் போகும் பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளி ஒன்றே கண்.

நம் நாட்டில் 2010 முதல் சில ஆண்டுகள் லினுஸ் என்ற திட்டம் இருந்தது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் வர வேண்டும் என்பது நோக்கம். எழுத்தோடு வாய்மொழியாகவும் கேட்டோம். பாரம் நிரப்பியே எங்கள் கை ஓய்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்கார வைத்துக் கேட்டதில், ஒரு வகுப்பில் ஒளிந்திருக்கும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பல நாடுகளில் பயன்படுத்தப்படும் ஈ.ஜி.எம்.ஏ. என்ற தொடக்கநிலைக் கணித மதிப்பீடும் இந்த வழிதான். ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், வாய்மொழிக் கேள்வி. பிள்ளை தொடர்ந்து தடுமாறினால் அந்தப் பகுதியை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அழவிட்டுக் கேட்பதில்லை.

என் முடிவு இதுதான்: மேசைக்கு மேசை தள்ளி உட்கார வைத்து, நேரம் குறித்து, மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் தாள் இந்த வயதுக்குப் பொருந்தாது. ஆனால் பொருளை வைத்து, வீட்டுத் தமிழில், தனியே கேட்டு அறியும் சோதனை கட்டாயம் வேண்டும். 150 பேருக்கும் குறைவான மாணவர்கள் உள்ள நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு வகுப்பில் 10, 12 பிள்ளைகள் என்றால் ஒரு வாரத்தில் எல்லாரையும் தனியே கேட்டுவிடலாம். 40 பேர் உள்ள நகரப் பள்ளி ஆசிரியரிடம் இதைச் சொன்னால் அவர் கோபிப்பார், நியாயம்தான்.

வீட்டிலும் செய்யலாம். சோறு வேகும் நேரம் போதும். வெங்காயக் கூடையைக் காட்டி "12 எடுத்துக் குடு" என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு என்று ஒப்பிப்பது வேறு. பன்னிரண்டில் நிறுத்தத் தெரிவது வேறு. நான்கைந்து பொருளை ஒரு நொடி காட்டிக் கையால் மூடி, எத்தனை என்று கேளுங்கள். 8 வெங்காயத்தை மூடி வைத்து, பக்கத்தில் 3 வைத்து மொத்தம் கேளுங்கள். எட்டிலிருந்து ஒன்பது, பத்து, பதினொன்று என்று மேலே போகிறதா, மூடியைத் திறந்து ஒன்றிலிருந்து மறுபடி எண்ண வேண்டும் என்கிறதா என்று கவனியுங்கள். 38 பெரிதா, 83 பெரிதா என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள், சரியான பதிலுக்கும் கேளுங்கள். சில்லறைக் காசை மட்டும் முதல் நாளே வைக்காதீர்கள். பத்துக் காசு நாணயத்துக்குள் பத்து இருப்பது கண்ணுக்குத் தெரியாது. பத்தைக் கட்டாகப் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் ஒரு வட்டம்.

முதலாம் ஆண்டு முடியும் தறுவாயிலும் 8-உம் 3-உம் சேர்க்க ஒன்றிலிருந்து எண்ணுகிறது, 29க்கு அடுத்து என்ன என்று தெரியவில்லை என்றால் வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். பள்ளிகளில் குறைநீக்கல் வகுப்பு இதற்காகவே இருக்கிறது. பிள்ளையின் பெயர் அதில் வந்தால் பெற்றோர் சண்டைக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன். முழங்காலில் அடிபட்டால் கிளினிக்குக்குப் போவதில் யாருக்கும் வெட்கமில்லை. இதற்கு மட்டும் ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அந்தத் தாயாரிடம் கிளம்பும்போது ஒன்று சொன்னேன். பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள் வரும்போது "என் பிள்ளைக்கு எத்தனை?" என்று கேட்க வேண்டாம். "எது தெரியுது, எது இன்னும் தெரியல, வீட்டுல நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள் என்றேன். அப்படியே கேட்டாராம். வகுப்பாசிரியர் தம் குறிப்பைப் பார்த்து, "கூட்டல் நல்லா செய்றாங்கம்மா. பத்துப் பத்தா கட்டறதுதான் இன்னும் வரல" என்றாராம். 30 கேள்வித் தாள் சொல்லாததை அந்த ஒரு வரி சொன்னது.

நேற்று மறுபடி ஒரு படம் வந்தது. தரையெல்லாம் ஐஸ்கிரீம் குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். மூன்று கட்டு, பக்கத்தில் நான்கு உதிரிக் குச்சி. கீழே பென்சிலில் 34 என்று எழுதியிருக்கிறது. 3 மட்டும் இன்னும் திரும்பித்தான் இருக்கிறது.